உள்ளே ஓடும் வருஷம்

ஆரணி
8-6-2025, ஞாயிறு

அன்புள்ள குமரேசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகள் ஹேமலதாவும் சுகம் என்று நானே வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். நாங்கள் இருவரும் உடம்பால் சௌக்கியம்.

நோட்டுக் காகிதத்தில் எழுதி, அதை போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாளே இந்த அம்மா என்று சிரிக்காதே. போனை எடுத்தால் உங்கப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "யாரு, யாரு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். உன் பேரைச் சொல்ல எனக்குப் பயம். பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் சொல்லாத பேர். அதுவும் தவிர, போனில் நீ "சரிம்மா" என்பதைத் தாண்டிப் பேசுவதில்லை. எழுதினாலாவது நாலு வரி கிடைக்கும் என்ற ஆசை.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் போன மாதம் கரண்டு ஏறி இறங்கியதில் கருகிவிட்டது. உள்ளே இருந்த டிஸ்க்கும் போயிற்று என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர். மறதி வந்த இந்த இரண்டு வருஷத்தில் அவர் யார் யாரையோ மறந்தார், டிசைன் போடுவதை மட்டும் மறக்கவில்லை. காலையில் குளித்துவிட்டு முன்னறைக் கடையைத் திறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் எனக்குக் கவலை கிடையாது. புடவை பார்டருக்குக் கட்டம் கட்டமாக ஏதோ போட்டுக்கொண்டிருப்பார். அது தறிக்குப் போகிற டிசைன் இல்லைதான். இருந்தாலும் மனுஷன் மனுஷனாக இருந்தார்.

இப்போது கருகின கம்ப்யூட்டரின் இருட்டுத் திரையைப் பார்த்து மவுஸை நகர்த்திக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அழுகிறார். நேற்று சட்டையில்லாமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டார். நெசவுக்கார ஜெயவேல் பார்த்துக் கூட்டிவந்தார். நீ வாங்கி அனுப்பிய புதுக் கம்ப்யூட்டரைக் காட்டினால், "யார்தோ இது, எட்த்துகினு போவச் சொல்லு" என்கிறார். அவருடைய டிசைன் சாஃப்ட்வேரும் அதில் ஏற மாட்டேன் என்கிறது. அன்றைக்கு நீ அங்கிருந்தே நெட் வழியாகச் சரிசெய்யப் பார்த்தபோது, மவுஸ் தானாக நகர்வதைக் கண்டு மனுஷன் தெருவுக்கு ஓடிவிட்டார். அந்த வைத்தியம் இனி வேண்டாம்.

வேறு வழி இருந்தால் சொல்லு. கையால் செய்ய வேண்டியதை நான் செய்கிறேன்.

அன்புடன்,
அம்மா பரிமளா


சிங்கப்பூர்
14-6-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சரிம்மா என்று சொல்லிவிட்டு போனை வைப்பவன் நான் என்று நீ எழுதியது சரிதான். இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன்.

வழி இருக்கிறது. பழைய விண்டோஸை இந்தப் புதுக் கம்ப்யூட்டரிலேயே ஓட வைக்கலாம். வீட்டில் ஓர் அறையைத் தடுத்து வாடகைக்கு விடுவது போல. நினைவகத்தில் கொஞ்சம், டிஸ்க்கில் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டால், பழைய விண்டோஸ் அந்த அறையைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நம்பிக் குடியிருக்கும். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். என் பிழைப்பே இதுதான் அம்மா. நாள் முழுக்க இங்கே இப்படிப் பத்து மெஷின்களை உண்டாக்கி, பத்தை அழிக்கிறேன்.

அப்பாவின் பழைய சிடிக்கள் பீரோவில் இருக்கும். எக்ஸ்பி என்று எழுதியது ஒன்று, டிசைன் சாஃப்ட்வேர் ஒன்று. புதுக் கம்ப்யூட்டரில் சிடி போடும் இடம் இல்லை. வெளியே மாட்டுகிற டிரைவ் ஒன்று ஜெயவேல் அண்ணனை வாங்கி வரச் சொல். மெஷினை உண்டாக்கும் மென்பொருளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதைத் திறந்து 'புதியது' என்பதை அழுத்து. எக்ஸ்பி என்று தேர்ந்தெடு. நினைவகம் 512 கொடு, அதற்கு மேல் அதற்குத் தேவையில்லை. டிஸ்க் இருபது போதும். பிறகு சிடியைப் போட்டு மெஷினை இயக்கு. நீலத் திரை வரும். அது கேட்கிறதை நிதானமாகப் படி. மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் வலது பக்கத்து கண்ட்ரோல் பொத்தானை அழுத்து, வெளியே வந்துவிடும்.

நடுவில் ஓரிடத்தில் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். செய் என்று சொல். அது உள்ளே இருக்கும் பொய் டிஸ்க்தான், வெளியே எதுவும் அழியாது. பயப்படாதே.

உன்னைப் பயப்படாதே என்று எழுதிவிட்டு நான்தான் இந்த இடத்தில் ஒரு நாள் நிறுத்திவிட்டேன். 2013-இல் காலேஜ் லீவுக்கு வந்தவன், அப்பாவின் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதே என்று, அவர் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து இதே கேள்விக்கு 'செய்' என்று சொன்னேன். எட்டு வருஷ டிசைன், முந்நூற்று நாற்பது. திரும்பி வந்தவருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நாலு நெசவாளர்கள் முன்னால், "இனிமே என் வாசல்ல கால வைக்காத" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நான் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. பதிலுக்குக் கத்திவிட்டுப் போனேன்.

அம்மா, அப்பா கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்தால் நான் வந்து கேட்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் பாக்கி. இதை உன்னிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

அன்பு மகன்,
குமரேசன்


ஆரணி
29-6-2025

அன்புள்ள குமரேசனுக்கு,

உன் அம்மா இப்போது ஒரு கம்ப்யூட்டருக்கு அம்மா. சொன்னால் ஜெயவேல் நம்பவில்லை, வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நீ எழுதியதைத் தாளில் பெரிதாக எழுதிவைத்துக்கொண்டு, உங்கப்பா மத்தியானம் தூங்குகிற நேரத்தில் மூன்று நாள் செய்தேன். முதல் நாள் சிடி அழுக்காக இருந்து படிக்கவில்லை. பட்டுத் துணியால் துடைத்தேன். இரண்டாம் நாள் மவுஸ் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ஆடு கிணற்றில் விழுந்தாற்போல் பதறிவிட்டேன். வலது கண்ட்ரோல் காப்பாற்றியது. ஃபார்மேட் என்று கேட்டபோது எனக்கும் கை நின்றது. "என் பிள்ளை சொல்லியிருக்கான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அழுத்தினேன்.

மூன்றாம் நாள், பழைய கம்ப்யூட்டரைத் திறந்ததும் தெரியுமே, அந்தப் பச்சை மேடும் நீல வானமும் திரையில் வந்தன. அழுகை வந்துவிட்டதடா. கருகிப்போனதே திரும்பி வந்தாற்போல் இருந்தது.

ஆனால் டிசைன் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. சாவியின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. பிறகு புதுப்பித்த சாவி கருகின டிஸ்க்கோடு போயிற்று, அதை விற்ற கம்பெனியும் இப்போது இல்லை என்கிறார் கடைக்காரர். சிடியோடு வந்த சாவிக்கு 2010 டிசம்பர் வரை என்று உறையில் உங்கப்பா கையெழுத்தில் இருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்த பிறகு வாயை மூடிக்கொண்டது போல் இருக்கிறது இது. சீக்கிரம் எழுது.

அம்மா


சிங்கப்பூர்
1-7-2025

அம்மா,

நீ செய்து முடித்ததை ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் மேனேஜர் உனக்கு வேலை தரத் தயார்.

சாவிக்கு வழி எளிது. உள்ளே இருக்கும் மெஷினுக்கு வெளியே என்ன வருஷம் என்று தெரியக் கூடாது, அவ்வளவுதான். இல்லாவிட்டால் அது வெளியே இருக்கும் கடிகாரத்தை எட்டிப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இத்துடன் அனுப்பும் சிறிய கோப்பை இரண்டு தடவை தட்டினால் அந்த ஜன்னல் மூடிக்கொள்ளும். பிறகு உள்ளே போய், வலது மூலையில் உள்ள நேரத்தைத் தட்டி, நாளும் மாதமும் அப்படியே இருக்க, வருஷத்தை மட்டும் 2010 என்று மாற்று. அதன் பிறகு அது தன்பாட்டுக்கு ஓடும்.

கடைசியாக, திரை முழுக்க உள்மெஷின் மட்டும் தெரியும்படி வைத்துவிடு. புதுசு இருப்பதே அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

குமரேசன்


ஆரணி
20-7-2025

அன்புள்ள குமரேசனுக்கு,

நல்ல செய்தியும் இருக்கிறது, இன்னொன்றும் இருக்கிறது. நல்லதை முதலில் சொல்கிறேன்.

உங்கப்பா உட்கார்ந்துவிட்டார். பச்சை மேட்டைப் பார்த்ததும், "ரிப்பேர்லேந்து வந்துட்சா, நல்லா கீது" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. பத்து நாளாக அழுகை இல்லை, தெருவுக்குப் போவது இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறார். ஒரு மயில் பார்டர் பாதி வரைக்கும் போட்டிருக்கிறார், கோடு கொஞ்சமும் தப்பவில்லை.

இன்னொன்று இதுதான். புதன்கிழமை, டிசைன் வைக்கிற ஃபோல்டரைத் திறந்திருக்கிறார். காலி. "பரிமளா, டிசைனெல்லாம் எங்க?" என்று கூப்பிட்டார். முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கு, 2013-இல், நின்ற அதே நிற்பு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "குமரேசன் சிடியில எடுத்து பத்திரமா வெச்சிகினு இருக்கான்."

சொன்ன பிறகுதான் உன் பேரைச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. உங்கப்பா கோபப்படுவார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் நிதானமாக மூலையில் இருக்கிற தேதியைப் பார்த்தார். "அப்ப சரி. இஸ்கூல் வுட்டு வந்ததும் வாங்கி வை" என்றார்.

குமரேசா, அவர் தேதியை நம்பிவிட்டார். அவருக்கு இது 2010. நீ பிளஸ் டூ படிக்கிறாய். தினமும் நாலரை மணிக்கு வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். ஆறு மணிக்கு, "டியூசன்ல கீறான் போல" என்று தானே சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லவேண்டும். அவருக்கு உன்மேல் கோபமே இல்லை. கோபம் வர இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

அம்மா


சிங்கப்பூர்
27-7-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு ஆபீசில் உட்கார முடியவில்லை. பாத்ரூமில் போய் நின்றேன்.

தேதியைச் சரிசெய்தால் சாஃப்ட்வேர் மூடிக்கொள்ளும், அப்பா மறுபடியும் இருட்டுத் திரைக்குப் போவார். செய்யாவிட்டால் நாலரை மணிக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். இரண்டில் எது பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சாப்பிடுகிறார் என்றாயே, அதனால் இப்படியே இருக்கட்டும்.

ஆனால் என் நிலையை நினைத்துப் பார். என்னை மன்னிக்க வேண்டியவர் 2013-இல் கோபித்துக்கொண்ட மனுஷன். அந்த மனுஷனை நானே வருஷத்தை மாற்றி இல்லாமல் செய்துவிட்டேன். தப்பே தெரியாதவரிடம் எதற்கு மன்னிப்புக் கேட்பது?

இரண்டு நாள் இப்படியே புலம்பிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் கேட்பது டிசைன்களைத்தானே. அவற்றைத் திருப்பிக் கொண்டுவருகிறேன். அந்த எட்டு வருஷ டிசைன்கள் புடவையாக ஊரெல்லாம் இருக்கின்றன. உன் பீரோவில் இருப்பதை வெளிச்சத்தில் விரித்து, பார்டர், முந்தி, புட்டா தனித்தனியாக போட்டோ எடுத்து அனுப்பு. ஜெயவேல் அண்ணனிடம் தறியில் மாட்டுகிற பழைய ஜக்கார்டு அட்டைகள் இருந்தால் அதையும். அட்டையில் உள்ள ஓட்டைகளை எண்ணினால் கட்டம் அப்படியே கிடைத்துவிடும். இங்கே அதே மெஷினை நானும் உண்டாக்கிக்கொண்டேன். அதிலும் 2010 தான்.

குமரேசன்


ஆரணி
12-8-2025

அன்புள்ள குமரேசனுக்கு,

உங்கள் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இந்த வருஷம் யோகம். ஆடி அமாவாசைப் படையல் இரண்டு தடவை.

ஊருக்கெல்லாம் ஜூலை 24 அமாவாசை. தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. உங்கப்பா மட்டும் கடையைத் திறந்து உட்கார்ந்துகொண்டு, "இன்னா எல்லாம் தறிய நிறுத்திட்டானுங்க, ஸ்ட்ரைக்கா?" என்றார். நான் சத்தமில்லாமல் அடுக்களையில் இலை போட்டுப் படைத்துவிட்டேன். பிறகு சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்துவிட்டு, "எவனோ தப்புக் காலண்டர் குட்த்துட்டான்" என்று கழற்றி வைத்துவிட்டார். அவர் பேஜார் பண்ணியது தாங்காமல், கடைக்காரரிடம் சொல்லி 2010 காலண்டரை நெட்டிலிருந்து பிரிண்ட் எடுத்து மாட்டினேன். அந்தக் கணக்குப்படி இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளி அமாவாசை வந்தது. கடையை மூடிக்கொண்டு, தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு படையலுக்கு வந்து நின்றார். தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வடை சுட்டேன், பாயசம் வைத்தேன். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இப்போது வீட்டில் இரண்டு காலண்டர். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் என்னுடையது. கடையில் அவருடையது. பால்காரரோடும் காஸ் சிலிண்டரோடும் ஒரு வருஷத்தில் பேசிவிட்டு, காபியோடு முன்னறைக்குப் போகும்போது இன்னொரு வருஷத்தில் பேசுகிறேன். சில நாள் நாக்கு குழறிவிடுகிறது.

நாற்பத்திரண்டு புடவை போட்டோ அனுப்பியிருக்கிறேன். என் கல்யாணத்துக்குப் பிறகு இத்தனை புடவையை ஒரே நாளில் விரித்தது இல்லை. ஜெயவேல் பரணிலிருந்து ஒன்பது கட்டு அட்டை எடுத்துக் கொடுத்தார், எலி கடித்தது போக மீதி.

நீ கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. ஹேமலதாவுக்கு என் அன்பைச் சொல்லு. உன் கல்யாணத்தில் பார்த்தது, ஆறு வருஷமாகிவிட்டது. பெத்த மனம் பித்து என்பார்கள், மீதியை நான் எழுதவில்லை.

அம்மா


சிங்கப்பூர்
28-9-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுபத்தோரு டிசைன் முடிந்தது. முந்நூற்று நாற்பதில் இது கொஞ்சம்தான், ஆனால் அப்பாவின் நல்ல டிசைன்கள் எல்லாம் இதில் வந்துவிட்டன. ஒரு கட்டம் விடாமல் போட்டேன். சந்தேகம் வந்த இடத்தில் பட்டு இழையைப் பெரிதாக்கிப் பார்த்து எண்ணினேன். போடப் போடத்தான் தெரிந்தது, இந்த மனுஷன் எவ்வளவு பெரிய வேலைக்காரர் என்று. நான் இரண்டு மணி நேரத்தில் அழித்ததில் ஒரு அன்னத்தை மறுபடி போட எனக்கு ஆறு நாள் ஆயிற்று.

தீபாவளிக்கு வருகிறேன் அம்மா. டிக்கெட் எடுத்துவிட்டேன். அவர் கையிலேயே கொடுக்கிறேன். என்னை அடையாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் ஃபோல்டரைத் திறந்து பார்க்கிற முகத்தைப் பார்த்தால் எனக்குப் போதும். அதையே மன்னிப்பாக எடுத்துக்கொள்கிறேன்.

குமரேசன்


ஆரணி
4-10-2025

குமரேசா,

வா. அவருக்குத் தீபாவளி நவம்பர் ஐந்துதான், நீ வருகிற நாள் சாதாரண நாள். அதனால் புதுத்துணியோடு வந்து நிற்காதே. உனக்கு முன்நெற்றி ஏறிவிட்டது, தாடி வேறு. முதல் பார்வையில் அவருக்குப் புரியாது. மனசைத் தயார் செய்துகொண்டு வா.

எனக்கு முறுக்குக்கு மாவு அரைக்க வேண்டும்.

அம்மா


சிங்கப்பூர்
26-10-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சொல்லாமல் கிளம்பிவிட்டேன். நீ சுட்டு வைத்த முறுக்கைக்கூட எடுக்கவில்லை. அடுக்களையில் இருந்தவளுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். நடந்ததை எழுதிவிடுகிறேன், உனக்கு அது தெரியவேண்டும்.

உள்ளே போய், "அப்பா, நான் குமரேசன்" என்றேன். சிரித்தார். "என் பையன் பேரும் அதுதான் சார், பிளஸ் டூ படிக்கிறான். உக்காருங்க" என்றார். சார் என்றார் அம்மா. உட்கார்ந்தேன். அந்தப் பழைய ஸ்டூல். "உங்களுக்காகக் கொஞ்சம் டிசைன் கொண்டுவந்திருக்கேன்" என்று பென்டிரைவைக் கொடுத்தேன். அவரே மாட்டினார். அன்னம் திரையில் வந்தது. முகம் அப்படியே மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம் இருக்கும்.

பிறகு அதைப் பெரிதாக்கினார். அன்னத்தின் வால் பக்கம் போய், ஒரே ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தார். அடுத்த டிசைனைத் திறந்தார், அதிலும் ஒரு மூலையில் விரலை வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு டிசைனிலும் அவர் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே ஓர் இழை தள்ளி வைத்திருக்கிறார். நெசவில் யார் கண்ணுக்கும் படாது. வேறு கடைக்காரன் எடுத்து ஓட்டினால் கண்டுபிடிக்க வைத்த அடையாளம். நான் இழை இழையாக எண்ணிப் போட்டேனே, அதையும் விடாமல் போட்டுவிட்டேன்.

"இது என் டிசைனு. என் குறியோட கீது. யார்ட்டேந்து திருடின?" என்றார்.

"திருடலப்பா, நான்தான் உட்கார்ந்து போட்டேன்" என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. எழுந்து என் சட்டையைப் பிடித்தார். "சிடி என் பையன்ட்ட கீது. அவன இன்னா பண்ண? அவன் இன்னும் வீட்டுக்கு வரல, அவன இன்னாடா பண்ண?" என்று கத்தினார். வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார். "என் பையன் வரட்டும், உன்ன சும்மா வுட மாட்டான். இனிமே என் வாசல்ல கால வைக்காத" என்றார்.

அதே வார்த்தை அம்மா. அதே வாசல்.

செருப்பைக்கூட சரியாகப் போடாமல் பஸ் ஏறிவிட்டேன். இனி நான் வரமாட்டேன். கோபமில்லை, உண்மையாகவே கோபமில்லை. நான் எதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனாலும் அது அவருக்குக் கெடுதலாகத்தான் முடிகிறது. மெஷினுக்கு ஏதாவது ஆனால் எழுது, இங்கிருந்து வழி சொல்கிறேன். சாவி டிசம்பரோடு முடியும், அதற்கு முன் வருஷத்தைத் திருப்பி ஜனவரி ஒன்றுக்குக் கொண்டுவர வேண்டும். மறக்காதே.

குமரேசன்


ஆரணி
9-11-2025

அன்புள்ள குமரேசனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. உடனே எழுதியிருந்தால் திட்டி எழுதியிருப்பேன், அதனால் எழுதவில்லை.

நீ போன பிறகு அவர் வாசலிலேயே நின்றார். உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். பிடித்து உட்கார வைத்து நான் ஒரு பொய் சொன்னேன். இப்போது பொய் சொல்வதில் நான் தேர்ந்துவிட்டேன். "குமரேசன்தான் அந்த ஆளைக் கண்டுபிடிச்சி மிரட்டி வரவெச்சான். எடுத்தத திருப்பிக் குடுக்கத்தான் வந்தான் அவன். நம்ம புள்ள டியூசன்ல கீறான், வந்துடுவான்" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் உன் பென்டிரைவில் இருந்த எழுபத்தொன்றையும் ஃபோல்டரில் போட்டு வைத்தார்.

அன்றிலிருந்து ஜெயவேல் வந்தாலும் சரி, பால்காரர் வந்தாலும் சரி, ஒரே பேச்சுதான். "என் பையன் இல்லன்னா என் இத்தினி வருச ஒழப்பு போயிருக்கும்." ஜெயவேல் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஆக, நீ அவர் டிசைனைக் காப்பாற்றின பிள்ளை. அந்தப் பெருமையோடுதான் தினமும் நாலரை மணிக்கு உட்கார்கிறார். உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள். நேரில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இனி அதற்கு மேல் கிடைக்காது. டாக்டரும் அதைத்தான் வேறு மாதிரி சொன்னார்.

சாவியைப் பற்றிக் கவலைப்படாதே. ஜன்னலை மூடவும் வருஷத்தைத் திருப்பவும் எனக்குத் தெரியும். டிசம்பர் கடைசியில் நானே அவருக்கு மறுபடியும் ஒரு ஜனவரி கொண்டுவந்துவிடுவேன்.

இப்போது என் பேச்சு. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். அப்பா, அப்பா, அப்பா. அழிந்த டிசைனுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறாய், அவர் சொன்ன வார்த்தைக்கு ஒரு கணக்கு. அன்றைக்கு நீ இந்த வாசலை விட்டு இறங்கியபோது அடுக்களையில் நானும் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. போன மாதம் வந்தாய். அவர் முகத்தைப் பார்க்க வந்தாய். என்னோடு நீ பேசியது "அப்பா எங்க?" என்ற இரண்டு வார்த்தை. முறுக்கை ஒரு வாரம் வைத்திருந்து ஜெயவேல் வீட்டுக்குக் கொடுத்தேன்.

இனி வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அவருக்காக நீ வர வேண்டாம், குமரேசா. நீ எப்படி வந்தாலும் பதினேழு வயசாக வர முடியாது. ஆனால் எனக்கு உன்னை அடையாளம் தெரியும். தாடியோடு தெரியும், வழுக்கையோடு தெரியும். இந்த வீட்டில் இந்த வருஷத்தில் இருக்கிறவள் நான் ஒருத்திதான், எனக்குப் பேச ஆளில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் வேலூருக்கு வா. வீட்டுக்கு வேண்டாம். ஜெயவேல் சம்சாரம் ஒரு பகல் அவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நான் காலையில் பஸ் ஏறி வருகிறேன். எங்காவது ஒரு ஓட்டலில் உட்காருவோம். எனக்கு இலை போட்டு ஒருத்தர் பரிமாறி ரொம்ப நாளாயிற்று. நீ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, போதும்.

அம்மா